ஃபுல் டவர் இருக்கு... நெட் எங்கே பாஸ்?

உங்க வீட்டு ஹால்ல, டி.வி-க்குப் பின்னாடி, பச்சை பச்சையா கண் சிமிட்டிக்கிட்டு ஒரு டப்பா உட்கார்ந்திருக்கே... அதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு? நீங்க ரவுட்டர்னு சொல்வீங்க. அம்மா ‘நெட் பொட்டி’னு சொல்வாங்க. அப்பாவைப் பொறுத்தவரை அது ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ற மெஷின்’. நெட் நின்னா ஆஃப், ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன். அதுக்கும் மசியலைன்னா உச்சந்தலையில ஒரு தட்டு. அதுவும் பலிக்கலைன்னா, ‘பிளானை மாத்துடா... ஜாஸ்தி ஸ்பீடு போட்ரலாம்’!

கொஞ்சம் பொறுங்க பாஸ். அந்தக் காசைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இந்தப் பக்கத்துக்குக் கொடுங்க.

படம் பாதியில சுத்திக்கிட்டே நின்னா பரவாயில்லை, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம். ஆனா, இப்போ நெட்டை நம்பி நடக்கிற விஷயங்கள் அப்படியா இருக்கு? கேம்பஸ் பிளேஸ்மென்ட்டின் முதல் ரவுண்டு வீட்டுல உட்கார்ந்து எழுதுற ஆன்லைன் டெஸ்ட். இன்ஜினீயரிங் கவுன்சலிங் 2018-லயே ஆன்லைனுக்கு மாறிடுச்சு. தங்கச்சி சாய்ஸ் லிஸ்ட்டை லாக் பண்ற கடைசி நாள்ல நெட் புட்டுக்கிட்டா, எந்த டப்பாவைத் தட்டி என்ன புண்ணியம்?

நல்ல சேதி என்னன்னா, வீட்டு வைஃபை மக்கர் பண்றதுக்கு ஆயிரம் காரணம் இருந்தாலும், அதெல்லாம் ரெண்டே ரெண்டு கூடைக்குள்ள அடங்கிடும். எந்தக் கூடைன்னு கண்டுபிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சது!

ஒரு ரூட்டு... ரெண்டு பஸ்!

நெட் உங்க லேப்டாப்புக்கு ரெண்டு பஸ் மாறி வருது. ஆபரேட்டர் ஆபீஸ்ல இருந்து உங்க வீட்டு டப்பா வரைக்கும் வயர் வழியா வர்றது முதல் பஸ். டப்பாவுல இருந்து உங்க லேப்டாப் வரைக்கும் காத்து வழியா வர்றது ரெண்டாவது பஸ். முதலாவதை ‘லைன்’னு வெச்சுக்குவோம். ரெண்டாவது ‘காத்து’.

இங்கேதான் நம்மாளுங்க ஏமாறுறாங்க. போன்ல விசிறி மாதிரி தெரியுதே வைஃபை அடையாளம்... அது காட்டுறது ரெண்டாவது பஸ்ஸை மட்டும்தான். விசிறி முழுசா இருக்குன்னா டப்பா பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். டப்பாவுக்கு நெட் வருதா, வரலையாங்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது. லைன் மொத்தமா அறுந்து தெருவில கிடந்தாலும் ‘ஃபுல் டவர்’ காட்டும்!

அதனால, முதல் கேள்வி ‘ஸ்பீடு எவ்ளோ?’ இல்லை. ‘லைனா, காத்தா?’

கேள்வி நம்பர் ஒண்ணு: உங்களுக்கு மட்டுமா, ஊருக்கேவா?

நெட் நின்ன அந்த நிமிஷமே, ‘அம்மா... உங்க போன்ல வாட்ஸ்அப் போகுதா?’னு ஒரு குரல் கொடுங்க. அவங்களுக்கு வருது, உங்களுக்கு மட்டும் வரலைன்னா, பிரச்னை டப்பாகிட்ட இல்லை, உங்க லேப்டாப்கிட்டதான். வைஃபை பேரை ‘ஃபர்கெட்’ கொடுத்துட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டுப் பாருங்க. சார்ஜர் போடாதப்போ மட்டும் கட் ஆகுதுன்னா, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு லேப்டாப்பே வைஃபை கார்டைத் தூங்க வெச்சிருக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கம் இருந்தா, அங்கே இருக்கிற டிக்கை எடுத்துப் பாருங்க.

எல்லாருக்குமே வரலையா? அப்போ டப்பாகிட்ட போங்க.

கேள்வி நம்பர் ரெண்டு: என்ன கலர் லைட்?

இப்போ பெரும்பாலான வீடுகளுக்கு வர்றது ஃபைபர். டப்பா முகத்துல ‘பான்’, ‘எல்ஓஎஸ்’னு ரெண்டு லைட் இருக்கும். பான் லைட் ஆடாம அசையாம பச்சையா எரிஞ்சா வீட்டுக்கு வெளிச்சம் வந்துக்கிட்டிருக்குனு அர்த்தம். அது சிமிட்டிக்கிட்டே இருந்தா, டப்பா ஆபரேட்டரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, இன்னும் இணைப்பு கிடைக்கலை. எல்ஓஎஸ் சிவப்பா சிமிட்டினா போச்சு... வெளிச்சமே வந்து சேரலை. ஒயர் எங்கேயோ அறுந்திருக்கு, இல்லைன்னா மடங்கியிருக்கு. ‘அணில் கடிச்சிருக்கும்’னு கேபிள் அண்ணன் சொன்னா சிரிக்காதீங்க, நிஜமாவே அணிலும் எலியும் கடிக்கும்!

சிவப்பு லைட் வந்தப்புறம் நீங்க எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் பிரயோஜனம் இல்லை. ஒண்ணே ஒண்ணு செய்யலாம். டப்பாவுக்குப் பின்னாடி மெல்லிசா வர்ற ஃபைபர் ஒயர் எங்கேயாவது ஷோகேஸுக்கும் சுவருக்கும் நடுவுல நசுங்கியிருக்கானு பாருங்க. உள்ளே இருக்கிற கண்ணாடி இழையில வெளிச்சம் போற பாதை 9 மைக்ரான்தான். தலைமுடியை விடப் பல மடங்கு ஒல்லி. நறுக்குனு மடக்கினா, வெளிச்சம் வளைவுல வெளியே கசிஞ்சுடும். சுருட்டி வைக்கணும்னா காபி டம்ளர் வாய் அளவுக்காவது வட்டமா விடுங்க. ஒரு எச்சரிக்கை... அந்தப் பச்சை கனெக்டரைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்காதீங்க. உள்ளே வர்றது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கேள்வி நம்பர் மூணு: எந்த பிங் செத்துச்சு?

லைட்டெல்லாம் பச்சை, ஆனா நெட் விட்டு விட்டு வருது... இதுதான் பெரிய தலைவலி கேஸ். இதுக்குக் காசே இல்லாத ஒரு மந்திரம் இருக்கு. லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட்டை, அதான் அந்தக் கறுப்பு ஜன்னலை, ரெண்டு தடவை திறங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.

முதல் ஜன்னல்ல பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, உங்க டப்பாவோட நம்பர், மறுபடி ஸ்பேஸ், மைனஸ் டி. டப்பா நம்பர் அதோட அடியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயே இருக்கும். நிறைய வீட்ல 192.168.1.1, சில வீட்ல 192.168.0.1. ரெண்டாவது ஜன்னல்ல அதே மாதிரி, ஆனா நம்பர் மட்டும் 8.8.8.8. அது வெளியுலகத்துல இருக்கிற கூகுளோட நம்பர்.

அவ்வளவுதான். ‘இருக்கியா?’னு செகண்டுக்கு ஒருமுறை உங்க லேப்டாப் ரெண்டு பேரையும் கேட்கும். ‘இருக்கேன்’னு பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுனு எழுதிக்கிட்டே போகும். பதில் வரலைன்னா ‘ரெக்வஸ்ட் டைம்டு அவுட்’. இப்போ நெட் மக்கர் பண்ற வரைக்கும் காத்திருங்க.

ரெண்டு ஜன்னலும் ஒண்ணா செத்தா, உங்களுக்கும் டப்பாவுக்கும் நடுவுலயே கோளாறு. அதாவது காத்து.

முதல் ஜன்னல் ஜம்முனு ஓட, ரெண்டாவது மட்டும் செத்தா, டப்பா வரைக்கும் நீங்க ஓகே. அதுக்கு அப்பால கோளாறு. அதாவது லைன்.

ரெண்டுமே ஜம்முனு ஓடுது, ஆனா எந்த சைட்டும் திறக்கலையா? இது மூணாவது ரகம். சைட் பேரைச் சொன்னா நம்பரைத் தேடித் தர்ற ‘டிஎன்எஸ்’ங்கிற டைரக்டரி படுத்திருக்கலாம். ரவுட்டர் செட்டிங்ஸ்லயோ லேப்டாப்லயோ டிஎன்எஸ் இடத்துல 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்க. ரெண்டுமே இலவசம்.

குபேர மூலையில் ஒரு வில்லன்!

எங்க கிளாஸ்மேட் ஒருத்தன் வீடு தஞ்சாவூர்ல. போன செமஸ்டர்ல அவனுக்கு ஆன்லைன் டெஸ்ட் ரெண்டு முறை பாதியில கட். அவங்க அப்பா மாசம் 200 ரூபாய் கூடக் கட்டி 50-ல இருந்து 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாத்தினார். அப்பவும் அதே கதை. அடுத்து புது ரவுட்டர் வாங்கக் கடை விசாரிச்சுக்கிட்டிருந்தாங்க.

ஒரு சாயங்காலம் அவன் ரூம்ல ரெண்டு கறுப்பு ஜன்னலையும் ஓட விட்டோம். பத்து நிமிஷத்துல நாலு தடவை ரெண்டும் ஒண்ணா செத்துச்சு. லேப்டாப்பைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்தோம்... ஒரு தடவைகூட சாகலை. லைன் மேல பழி போடவே முடியாது. டப்பாவுக்கும் அவன் ரூமுக்கும் நேர்கோட்டுல என்ன இருக்குனு பார்த்தா... ஒன்பது இஞ்ச் சுவர், அதை ஒட்டி ஆளுயரக் கண்ணாடி வெச்ச இரும்பு பீரோ!

‘பீரோவை நகத்தலாம்ப்பா’னு அவன் வாயைத் திறந்ததுமே, ‘வாஸ்து பார்த்து குபேர மூலையில வெச்சதுடா அது. நீ வேணா நகர்ந்துக்கோ’ன்னுட்டார் அப்பா. சரினு டி.வி-க்குப் பின்னாடி இருந்த டப்பாவை, ஒயர் எட்டுற தூரத்துலயே, எதிர்ச்சுவர் ஷெல்ஃப்ல தலை உயரத்துக்கு ஏத்தி வெச்சோம். இப்போ நேர்கோட்டுல பீரோ இல்லை, வாசல்தான் இருக்கு. அன்னிக்கு ராத்திரி முழுக்க பிங் ஓடுச்சு. ஒண்ணு ரெண்டு தவிர எல்லாத்துக்கும் பதில். மறுமாசம் அப்பா பழைய 50 பிளானுக்கே திரும்பிட்டார்.

அடுத்த டெஸ்ட்டுல நெட் கட் ஆகலை. ஆப்டிட்யூட்லதான் பய கட் ஆனான். பாவம், அதுக்கு ரவுட்டர் என்ன பண்ணும்?

வைஃபைக்குப் பிடிச்சதும் பிடிக்காததும்

உங்க கேஸ் ‘காத்து’ன்னா, சரி பண்றது முக்கால்வாசி உங்க கையிலதான் இருக்கு.

இரும்பும் கண்ணாடியும்: உலோகம் சிக்னலைத் திருப்பி அடிச்சுடும். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிறதும் உலோகப் பூச்சுதான். பீரோ, ஃப்ரிட்ஜ், டி.வி முதுகு... இதுங்க பின்னாடி டப்பாவை ஒளிக்காதீங்க.

தண்ணி: சிக்னலைக் குடிக்கும். மீன் தொட்டி பக்கத்துலயோ, மாடி ரூமுக்குப் போற வழியில தண்ணி டேங்க் நிக்கிற இடத்துலயோ ஆட்டம் காணும்.

மைக்ரோவேவ் அவன்: இது ஓடுறது 2.45 ஜிகாஹெர்ட்ஸ். வைஃபையோட பழைய பட்டையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். அவன் உள்ளே நூத்துக்கணக்கான வாட், உங்க டப்பா விடுறதோ ஒரு வாட்டுல சின்னப் பங்கு. துளி கசிஞ்சாலும் போதும்! சாம்பார் சூடு பண்றப்போ மட்டும் நெட் நின்னா யார் வில்லன்னு புரிஞ்சுக்கோங்க.

ஹார்டு டிஸ்க்: யு.எஸ்.பி 3.0 ஒயர்ல இருந்து வர்ற இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல அறிக்கை கொடுத்திருக்கு. ஹார்டு டிஸ்க்கைச் சொருகினா நெட் படுத்துதா? அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க.

பக்கத்து வீடு: அப்பார்ட்மென்ட்ல இருபது வீட்டு டப்பாவும் ஒரே பட்டையில கத்தினா யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான்: 1, 6, 11. போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, எது காலியா இருக்குனு பார்த்து அதுக்கு மாறுங்க. இல்லைன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்குப் போயிடுங்க. அங்கே இடம் ஜாஸ்தி, ஸ்பீடும் ஜாஸ்தி. ஆனா சுவரைத் தாண்டறதுல 2.4 அளவுக்கு வராது. ஒரே ரூம்னா 5, ரெண்டு சுவர் தள்ளின்னா 2.4. மனசுல வெச்சுக்கோங்க.

அதே ஆப்ல ‘மைனஸ் இத்தனை டிபிஎம்’னு ஒரு நம்பர் காட்டும். மைனஸ் 50 செம. மைனஸ் 65 பக்கத்துல இருந்தா வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-ன்னா கிணத்துக்குள்ள இருந்து பேசற கதைதான். ஒவ்வொரு 3 டிபி இறங்கும்போதும் சிக்னல் பாதியாகுது.

எதுவுமே எட்டலைன்னா? ரிப்பீட்டர் வாங்கறவங்க பண்ற தப்பு, அதை சிக்னல் வராத ரூம்லயே மாட்டறது. அதுக்கே காது கேட்காதப்போ அது உங்களுக்கு என்ன சொல்லும்? பாதி வழியில மாட்டணும். வாங்கி, திருப்பி அனுப்புறது ரெண்டையும் ஒரே பட்டையில பண்ற ரிப்பீட்டர்ல ஸ்பீடு பாதியாயிடும். அதைவிட ஒரு லேன் கேபிளை இழுத்து, பரண்ல தூங்குற பழைய ரவுட்டரை அந்தப் பக்கம் ‘ஆக்சஸ் பாயின்ட்’டா மாட்டினா செம உசத்தி.

லைன்தான் வில்லன்னா...

முதல்ல அடாப்டரைச் சந்தேகப்படுங்க. டப்பா தானே ஆஃப் ஆகி ஆன் ஆகுதா, எல்லா லைட்டும் ஒண்ணா அணைஞ்சு எரியுதா? கிழடு தட்டின அடாப்டரா இருக்கலாம். புதுசு வாங்கினா அதே வோல்ட்டா இருக்கணும். ஆம்பியர் அதே அளவு, இல்லைன்னா கூட. குறையக் கூடாது. செட்-டாப் பாக்ஸ் தலையில டப்பாவை ஏத்தி வெச்சு, கத்திரி வெயில்ல ரெண்டையும் வேக வைக்காதீங்க.

அடுத்து, டப்பாவோட செட்டிங்ஸ் பக்கத்துல ‘ஆர்எக்ஸ் பவர்’னு ஒரு நம்பர் இருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. சாதாரண ஃபைபர் இணைப்புல மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவுல இருந்தா நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29-னு போனா, மழை பெஞ்சாலும் காத்தடிச்சாலும் விட்டு விட்டுத்தான் வரும்.

ராத்திரி 9 மணிக்கு மட்டும் ஆமை ஸ்பீடா? லேன் கேபிள்ல சொருகி, காலையில 6 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து எழுதி வைங்க. கேபிள்லயும் ராத்திரி மட்டும் குறைஞ்சா, தெருவே ஒரே குழாயைப் பங்கு போடுதுனு அர்த்தம். எழுதறப்போ ஒரு கணக்கு ஞாபகம் இருக்கட்டும்: 100 எம்பிபிஎஸ்ங்கிறது மெகாபிட். 8-ஆல வகுத்தா செகண்டுக்கு 12.5 மெகாபைட். டவுன்லோடு 12-னு காட்டினா உங்களை யாரும் ஏமாத்தலை!

அப்புறம், ரொம்ப முக்கியம்... குண்டூசி ஓட்டை ‘ரீசெட்’ வேற, ரீஸ்டார்ட் வேற. ரீசெட்டை அமுக்கினா ஆபரேட்டர் போட்டுவெச்ச லாகின் செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சுடலாம். அப்புறம் அவர் வர்ற வரைக்கும் வீடே இருட்டு.

‘அண்ணே... நெட் வரலைண்ணே!’

இப்படி போன் பண்ணா, ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தம்பி’தான் பதிலா வரும். அவரைச் சொல்லிக் குத்தமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் அதையே சொல்றாங்க! நீங்க இப்படிச் சொல்லிப் பாருங்க:

‘அண்ணே, பான் லைட் பச்சைதான். ஆர்எக்ஸ் மைனஸ் 29 காட்டுது. லேன் கேபிள்ல சொருகிப் பார்த்தாச்சு. ரவுட்டருக்கு பிங் ஓகே, வெளியிலதான் கட் ஆகுது. நேத்து ராத்திரி 8:10, 8:40, 9:15-னு மூணு தடவை.’

எதிர்முனையில ஒரு செகண்ட் அமைதி. அப்புறம், ‘ஜாயின்ட்டைப் பார்க்கணும் தம்பி, ஆள் அனுப்பறேன்’! அவரோட வேலையில பாதியை நீங்க முடிச்சுக் கொடுத்திருக்கீங்கல்ல?

அப்பவும் இழுத்தடிச்சா, கம்பெனியோட கஸ்டமர் கேர்ல புகாரைப் பதிஞ்சு, டாக்கெட் நம்பரை வாங்கி வைங்க. டிராய் அமைப்பு 2012-ல கொண்டுவந்த விதிப்படி, புகாருக்குக் கிடைச்ச தீர்வு திருப்தியா இல்லைன்னா, அதே கம்பெனியில மேல்முறையீடு செய்யலாம். அதுக்குக் கையில டாக்கெட் நம்பர் வேணும். தேதி, நேரம் குறிச்ச உங்க நோட்டு இருந்தா, கேஸ் இன்னும் ஸ்ட்ராங்!

டெஸ்ட் நாள் டிப்ஸ்

வைஃபையை நம்பாதீங்க, லேன் கேபிள்ல சொருகிடுங்க. காத்துங்கிற கூடையே காலி! டப்பாவுக்கு ஒரு மினி யு.பி.எஸ் மாட்டினா கரன்ட் போனாலும் தாங்கும். தெருக் கம்பத்துல ஃபைபரைப் பிரிச்சு விடுற ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட்டே தேவையில்லை. ஆபரேட்டர் ஆபீஸ்ல பவர் இருந்தா போதும். லேப்டாப்புக்கு முழு சார்ஜ், அப்டேட்டுக்கு தற்காலிகத் தடை. போன்ல ஹாட்ஸ்பாட்டை முந்தின நாளே ஒருமுறை இணைச்சுப் பாருங்க. ஆனா நடுவுல நெட்வொர்க் மாறினா டெஸ்ட் விதி என்ன சொல்லுதுனு முதல்லயே படிச்சுடுங்க.

ஒரே ஒரு கண்டிஷன். ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மாத்துங்க. மாத்தினதை எழுதுங்க, அரை மணி நேரம் பிங் ஓட விடுங்க, அப்புறம் அடுத்தது. டப்பாவை நகத்தி, சேனலை மாத்தி, அடாப்டரையும் மாத்தி எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணா, நெட் வந்தாலும் எதனால வந்துச்சுனு தெரியாது. அடுத்த மாசம் போனா மறுபடி முதல்ல இருந்து!

லேப்ல எக்ஸ்பெரிமென்ட் பண்றப்போ ஹெச்.ஓ.டி இதைத்தானே கத்துக்கிட்டு இருக்கார்? அங்கே கேட்கலைன்னாலும், வீட்டுல அப்பா காசு மிச்சமாகுதுனாவது கேளுங்க பாஸ்!